புரயிடமும் பொட்டற்காடும்

திருவனந்தபுரத்திற்கு முதன்முதல் வரும் உறவினரை நாம் எங்கெங்கு அழைத்துச் செல்கிறோம்? அனந்தபத்மநாபசுவாமி திருக்கோயில், சங்குமுகம் கடற்கரை, மிருகக்காட்சிசாலை, சாலைக் கடைத்தெரு. இவற்றோடு பெரும்பாலும் நம் ஊர்சுற்றல் முடிந்துவிடுகிறது. கட்டணம் எதுவுமின்றிக் காணத்தக்க மற்றொரு பொருள் இந்நகரின் ஓரங்களில் உண்டு. அதுதான் வீட்டைச் சூழ்ந்து நிற்கும் தோட்டம். மலையாளத்தில் அதற்குப் புரயிடம் என்று பெயர். கல்குளம், விளவங்கோடு பக்கத்து அன்பர்கள் அதனையே விளை என்பர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவ்வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை மாறியதே தவிர, தோட்டங்களின் முகம் மாறவில்லை.

அண்மைக் காலமாக 'உணவுக் காடு' அமைத்தல் என்றொரு கல்வி உலகெங்கும் பரவி வருகிறது. காட்டில் மரங்களும் செடிகளும் கொடிகளும் அடுக்கடுக்காக நிற்பதுபோல, உண்ணத்தகும் பயிர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நட்டு, உழாமலும் அதிகம் உரமிடாமலும் விளைவிப்பதே அதன் சாரம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட நூலிலிருந்து 'பெர்மாகல்ச்சர்' என்னும் முறை பிறந்தது. இன்று அதனை 72 மணி நேரப் பாடமாகக் கட்டணம் பெற்றுக் கற்பிக்கின்றனர். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில் ராபர்ட் ஹார்ட் என்பவர் தம் சிறு தோட்டத்தையே ஏழு அடுக்குக் காடாக மாற்றிக் காட்டினார். அவர் தம் நூலில் முன்மாதிரியாக எடுத்துக் கூறும் நாடுகளில் கேரளமும் ஒன்று என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பும் சிறிது வெட்கமும் உண்டாயின. சீமைக்காரர் கண்ட பொருளை நாம் பேருந்துச் சன்னல் வழியே நாள்தோறும் பார்த்துக்கொண்டு போகிறோமல்லவா!

மலயின்கீழுக்கு அருகில் நான் பலமுறை சென்று பார்த்த ஒரு புரயிடம் உண்டு. பரப்பு 30 சென்ட். உடையவர் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. மேலே தென்னை; அதற்கிணையாக எல்லையோரத்தில் இரண்டு பலா, ஒரு மா, ஒரு அயனி. இவற்றின்கீழே கமுகு, கொட்டைப்பலா, ஒரு ஜாதிக்காய் மரம். கமுகிலும் முள்முருங்கையிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அதற்கும் கீழே வாழை, மரவள்ளி, கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய். தரையோடு சேம்பு, மஞ்சள், இஞ்சி. மண்ணுக்குள் சேனையும் காச்சிலும். வேலியோ சீமைக்கொன்றை. அதன் தழையை வெட்டித் தென்னந்தடத்தில் இடுகிறார்கள். பாத்திரம் துலக்கும் நீர் ஓடி விழும் இடத்தில் வாழையும் சேம்பும் கொழுத்து நிற்கின்றன. நாள்தோறும் பறிக்க வேண்டியவை அடுக்களைக் கதவருகிலும், ஆண்டுக்கொரு முறை கவனிக்க வேண்டியவை எல்லையிலும் இருக்கின்றன. அயல்நாட்டுப் பாடத்தில் இதனை 'மண்டலம்' பிரித்தல் என்று படம் வரைந்து காட்டுவதைப் பின்னர் கண்டேன்.

"அம்மா, இதனை இப்படி நட வேண்டுமென்று யார் சொல்லித் தந்தார்கள்?" என்று கேட்டேன்.

"யார் சொல்ல வேண்டும், மோனே? வெயில் விழுகிற இடத்தில் வாழை. விழாத இடத்தில் சேம்பு. தென்னை சிறிதாக இருந்தபோது இங்கே மரவள்ளி நிறைய இட்டோம். தென்னை பரந்ததும் நிறுத்திவிட்டோம். இப்போது உயரமாகிவிட்டது, மறுபடியும் வெயில் வருகிறது" என்றார்.

இக்கூற்றில் ஓர் ஆராய்ச்சியே அடங்கியிருக்கிறது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகையால் 7.5 மீட்டர் இடைவெளிவிட்டு நட்ட தோப்பில் நிலத்தின் முக்காற்பங்கு வேரளவில் வெறுமையாகவே கிடக்கிறது. ஒளியின் கணக்கு வேறு. நட்டதிலிருந்து 8 ஆண்டுகள்வரை இடையில் நல்ல வெயில் கிடைக்கும். பின்னர் ஏறத்தாழ 25 வயதுவரை ஓலைகள் தரையை மூடி நிழலாக்கும். அதற்குமேல் மரம் உயர உயர வெயில் மீண்டும் தரைக்கு இறங்கும். எனவே ஒரு தோப்பின்கீழ் எதனை நடலாம் என்று கேட்போர் முதலில் தென்னையின் வயதைக் கேட்டறிதல் வேண்டும். விஞ்ஞானிகள் அளந்து கண்ட இவ்வுண்மையை அம்மூதாட்டி இருந்த இடத்திலேயே அறிந்திருந்தார்.

மரவள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கிழங்கைத் திருவாங்கூரில் ஏழை எளியோர் உணவாகப் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சாரும். நகரின் வடபால் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தோன்றிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி, சேனை, சேம்பு, காச்சில் முதலியவற்றில் பல புதிய இரகங்களை வெளியிட்டுள்ளது. அவற்றிற் பலவற்றின் பெயர் 'ஸ்ரீ' என்றே தொடங்கும். சேனை நிழலிலும் ஓரளவு விளையும் கிழங்காதலால் தென்னைக்குக் கீழே ஏற்றது. வாடகை வீட்டில் பின்கட்டில் சிறிது மண் உள்ளவர்கள் ஒரு முழம் ஆழக் குழியில் சாணமும் சருகும் இட்டு, மாசி மாதம் ஒரு துண்டு சேனை வைத்துப் பார்க்கலாம். எட்டு ஒன்பது மாதங்களில் வெட்டியெடுக்கலாம். வீட்டை மாற்ற நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை.

நிற்க. இப்புரயிடங்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன. மேற்சொன்ன 30 சென்டும் மூன்று மக்களுக்குப் பங்காகப் போகிறது. மூத்தவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். பங்கு பிரித்தால் மதில் செல்லும் கோட்டில் பெரிய பலா நிற்கிறது. அம்மூதாட்டி கையால் நட்டது. தடிக்கு இப்போதே விலை பேசிவிட்டார்களாம். பலாவைக் கேரள அரசு 2018இல் மாநிலப் பழமாக அறிவித்தது உண்மை; ஆயினும் 10 சென்டில் வீடும் கார்க்கொட்டகையும் எழும்பிய பின் பலாவுக்கு இடம் ஏது? எஞ்சிய முற்றத்திலும் சிமெண்டுக் கல் பாவிவிடுகின்றனர். மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடுகிறது. இந்நகரத்துத் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

சிறிய இடத்திலும் காட்டை மீட்கலாம் என்று காட்டுவோரும் இந்நகரிலேயே உள்ளனர். ஜப்பானிய அறிஞர் அகிரா மியாவாக்கி (1928–2021) தம் நாட்டுக் கோயில்களைச் சூழ்ந்த பழங்காடுகளை ஆராய்ந்து, ஒரு மண்ணில் இயல்பாக எம்மரங்கள் நின்றிருக்கும் என்று கண்டறிந்து, அவற்றின் கன்றுகளையே நெருக்கமாக நடும் முறையை வகுத்தார். மண்ணைத் தோண்டி மட்கும் பொருள்களைக் கலந்து, ஒரு சதுர மீட்டரில் மூன்று நான்கு கன்றுகளை நட்டு, சருகால் மூடி, இரண்டு மூன்று ஆண்டுகள் நீரூற்றிக் களையெடுத்தால், பின்னர் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பது அம்முறை. திருவனந்தபுரத்தையடுத்த புளியறக்கோணத்தில் திரு. எம்.ஆர். ஹரி என்பவர் பாறை மிகுந்த குன்றுச்சரிவில் இதனைச் செய்து காட்டினார். தென்னைநார்க் கழிவு, உமி, சாணம் ஆகிய உள்ளூர்ப் பொருள்களே மண்ணை வளப்படுத்தப் பயன்பட்டன. நகரின் நடுவில் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 5 சென்ட் நிலத்தில் 400க்கு மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டன. மியூசியத்திற்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இரண்டு ஃபர்லாங்கு நடந்து இதனையும் பார்த்து வரலாம்.

ஆனால் இது உணவுக் காடு அன்று. நெருக்கத்தில் மரங்கள் ஒளிக்குப் போட்டியிட்டு மேல்நோக்கி ஓடும். காய்க்கும் கிளை விரிய இடமிராது. செலவும் மிகுதி. பறவைக்கும் நிழலுக்கும் நிலத்தடி நீருக்கும் ஒரு மூலையை ஒதுக்க எண்ணுவோர்க்கே இம்முறை தக்கது. சமையலுக்குக் காயும் கிழங்கும் வேண்டுவோர் மலயின்கீழ் மூதாட்டியின் வழியில் செல்லலாம்.

இனி நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். இங்குப் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ தரிசாகக் கிடக்கிறது. விடுமுறைக்குச் செல்லும்போது இங்கிருந்து பலாக்கன்றும் மிளகுக்கொடியும் ஜாதிக்கன்றும் தகர டப்பாக்களில் வைத்து, இரயிலில் எடுத்துச் செல்வோரை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். ஆடிக்காற்றுத் தொடங்குமுன்பே அவை கருகிவிட்டன என்ற செய்தியும் தவறாமல் வருகிறது. பிறகு "நம் மண்ணில் ஒன்றும் வராது" என்ற முடிவு. அதன்பின் மனைத்தரகர் வருகை!

மண்ணின்மேல் பழி போடுமுன், திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பகலில் செல்லும் வண்டியில் ஒருமுறை சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். நாகர்கோவில்வரையுள்ள பாதை 1979இலும், அங்கிருந்து திருநெல்வேலிவரை 1981இலும் திறக்கப்பட்டன. நேமம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் ஆகிய நிலையங்கள் வரையில் இருபுறமும் ஒரே பச்சை. நாகர்கோவிலைத் தாண்டித் தோவாளையில் வயலும் பூந்தோட்டமும் விரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டி நுழைந்ததும் காற்றாடிகள் சுழல்வதைக் காண்பீர்கள். காவல்கிணறு, பணகுடி வருவதற்குள் பனையும் உடைமரமும் செம்மண்ணுமாக உலகம் வேறாகிவிடுகிறது. இடைத்தொலைவு சில மைல்களே. மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை மலை தடுத்துவிடுகிறது. திருவனந்தபுரத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரி 1,700 மில்லிமீட்டருக்குமேல் பொழிகின்றன. திருநெல்வேலிக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். பலாவின் குற்றமும் இல்லை, மண்ணின் குற்றமும் இல்லை.

அத்தகைய நிலத்தை மீட்பதற்குப் பாடம் வேண்டுமாயின், தமிழகத்திலேயே புதுச்சேரியை அடுத்த ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியபோது அம்மேட்டுநிலம் மரமின்றி வறண்டு, மழைக்காலத்தில் செம்மண் அரித்துக் கடலுக்கு ஓடும் பள்ளங்களாகக் கிடந்தது. அங்குக் குடியேறியோர் வரப்புகளும் குளங்களும் அமைத்து மழைநீரை நிறுத்த முற்பட்டனர். ஆஸ்திரேலிய வேல இனம் போன்ற விரைந்து வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினர். அந்நிழலில், சுற்றுவட்டாரக் கோயிற்காடுகளில் எஞ்சியிருந்த நாட்டு மரங்களைத் தேடி விதை கொணர்ந்து வளர்த்தனர். சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு அவ்வாறு மீண்டும் தலையெடுத்தது. ஜப்பானில் மியாவாக்கி பார்த்ததும் கோயில் தோப்பு. ஆரோவிலார் தேடியதும் கோயில் தோப்பு. மலையாள நாட்டில் காவு என்று வணங்கி விட்டுவைத்ததும் அதுவே. ஆகவே ஊருக்குச் செல்லும் அன்பர்கள் கன்று வாங்கப் புறப்படுமுன், தங்கள் ஊர் ஐயனார் கோயிலிலோ சாஸ்தா கோயிலிலோ வெட்டப்படாமல் நிற்கும் மரங்கள் எவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். இலுப்பை, நாவல், விளா, புங்கம், உசில் என்று பட்டியல் தானே கிடைத்துவிடும்.

வறண்ட நிலத்து உணவுக் காட்டில் அடுக்குகள் குறைவு, இடைவெளி அதிகம். எல்லையில் பனை, உள்ளே அகலவிட்டு நாவல், விளா, நெல்லி, அவற்றினிடையே முருங்கை, சீத்தா, வேலியில் களாவும் சூரையும். ஆவாரையும் கொழிஞ்சியும் தாமே முளைத்தால் பிடுங்க வேண்டா. கொழிஞ்சி மண்ணுக்கு உரமாகும். மழைக்காலத்தில் நடுவே தட்டையோ உளுந்தோ விதைக்கலாம். மரமில்லாத புல்வெளி கண்டு வருந்தவும் வேண்டா. ஆட்டுக்கும் காடைக்கும் அதுவே வீடு. சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் ஒரே நாளில் இயந்திரம் வைத்து எல்லாவற்றையும் பெயர்த்து நிலத்தை வெயிலுக்குத் திறந்துவிடாமல், நடப்போகும் பகுதியை மட்டும் வேரோடு அகற்றி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னேறுவதே நலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலம் முக்கியம். வேப்பம்பழமும் நாவற்பழமும் ஆனி, ஆடியில் உதிரும். அவற்றின் விதையைச் சேமித்து வைக்காமல் உடனே ஊன்ற வேண்டும், நாள்பட்டால் முளைக்காது. வரப்பை உயர்த்தும் வேலை ஆவணிக்குள் முடிந்திருக்க வேண்டும். புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றினால் ஐப்பசி மழை அதனைப் பார்த்துக்கொள்ளும். ஊரில் காவலுக்கு ஆளில்லாதவர்க்கும் அது ஒத்துவரும். பனை பாளைவிடப் பதினைந்து ஆண்டுகளேனும் செல்லும். முருங்கைப் போத்து ஓராண்டிற்குள் குழம்புக்குக் காய் தரும். இரண்டையும் ஒரே மழைக்கு நட்டுவிடலாம்.