ஆளுக்கொரு அடி

கல்லூரி ஆண்டு விழாவுக்கு டேப் டான்ஸ் போடலாம் என்று மூன்றாமாண்டு அக்கா ஒருத்தர் சொன்னபோது, அதற்கான ஷூ எங்கள் யாரிடமும் இல்லை. குதிகாலிலும் நுனியிலும் உலோகத் தகடு வைத்த ஷூ விழுப்புரத்தில் எங்கே கிடைக்கும்? செருப்பு தைக்கிறவரிடம் போய், போலீஸ் பூட்ஸுக்கு அடிப்பதுபோல எங்கள் கறுப்பு ஷூவுக்கும் லாடம் அடித்து வாங்கினோம். முதல் ஒத்திகையிலேயே மொசைக் தரையில் வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். அப்புறம் பழைய பிளைவுட் பலகைகளை விரித்தோம். சத்தம் மரத்தில்தான் சரியாகக் கேட்டது.

அக்கா லேபில் ஒரு வீடியோ காட்டினார். கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸும் அமெரிக்க டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் சேர்ந்து ஆடிய 'இந்தியா ஜாஸ் சூட்ஸ்'. ஒருவர் வெறுங்காலில் சலங்கை, இன்னொருவர் ஷூ. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, காலாலேயே ஒரு சண்டை.

"நான் ஸ்டெப் சொல்லித்தர மாட்டேன். ஆளுக்கொரு அடி கொண்டு வாங்க. வீட்லேர்ந்தோ தெருவுலேர்ந்தோ, எங்கேர்ந்து வேணா. அடுத்தவங்க அடிய எடுத்துக்கலாம். ஆனா அப்படியே போடக்கூடாது, மாத்திதான் போடணும்."

இது அவருடைய சொந்த விதி என்றுதான் நினைத்தேன். ஹார்லெமில் ஹூஃபர்ஸ் கிளப் என்று ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு சின்ன அறை இருந்ததையும், அங்கே இதே எழுதாத சட்டம் நடந்ததையும் பிறகுதான் படித்தேன். 1739இல் தெற்கு கரோலினாவில் அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் மேளம் வைத்திருக்கத் தடை வந்தது. கைக்குத் தடை போட்டால் தாளம் காலுக்கு இறங்கும்தானே. அந்தக் காலோடு அயர்லாந்துக்காரர்களின் ஆட்டமும் கலந்து உருவானதுதான் டேப்.

ஒருத்தி பாண்டி ஆட்டத்தின் நொண்டியைக் கொண்டு வந்தாள். ஒருவன் அம்மாவின் தையல் மிஷின் மிதியைக் கொண்டு வந்தான். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, நூல் அறுந்ததும் சட்டென்று நிற்பது. அதைப் பத்துப் பேரும் பத்து விதமாக மாற்றினோம். இன்றும் எனக்கு அதுதான் அந்த ஆட்டத்திலேயே நல்ல இடம்.

நான் யூடியூபிலிருந்து ஒன்றை எடுத்துப் போனேன்.

என் பெரியப்பா தெருக்கூத்துக்காரர். பனமலைப் பக்கம் பாரதம் நடந்தால் விடிய விடிய ஆடுவார். திரைக்குப் பின்னால் வேஷம் நிற்கும். முகம் தெரிவதற்கு முன்பே சலங்கை கேட்டுவிடும். அந்த வரவு அடவைத் தூக்கத்திலும் என் கால் போடும். ஆனால் 'கூத்தாடி' எங்கள் பக்கம் வசவும்கூட. கல்லூரியில் கேட்டவர்களிடம், பெரியப்பா விவசாயம் என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லை, பாதி.

ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு பலகையில் அந்த வரவைப் போட்டுப் பார்த்தேன். வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"இது இன்னாடா?"

"சும்மாக்கா."

அவர் மேலே கேட்கவில்லை. மறுநாள் நடுவில் எட்டு எண்ணிக்கை காலியாக விட்டார். "இது உனக்கு. என்ன வேணா போடு."

மேடையில் அந்த எட்டிலும் யூடியூப் அடியையே போட்டேன். கைத்தட்டல் கிடைத்தது. அக்கா நல்லா இருந்ததுடா என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன பொங்கலுக்குப் பெரியப்பாவிடம் போனில் அந்த மங்கலான வீடியோவைக் காட்டினேன். முகம் யாருடையதும் தெரியாது. கண்ணைச் சுருக்கிக் கடைசிவரை பார்த்தார்.

"நல்லாதான் கீது. நடுவுல ஒருத்தன் மட்டும் யாரு காலுலயோ ஆடுறான்."

அது நான்தான் என்று சொன்னேன். சிரிக்கவில்லை. "வா, கோயிலுக்குப் போலாம்" என்றார்.

பனமலையில் ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கிறது தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. 'தாள' என்பது இங்கே பனை. பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், அது தாளம்தான் என்பார். உள்ளே ஒரு சிற்றறைச் சுவரில் பார்வதி, மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டான். பார்க்கிறவள் இருக்கிறாள்.

வெளியே பாறையில் பெரியப்பா உட்கார்ந்துகொண்டார். முட்டி போய்விட்டது அவருக்கு. தொடையில் தட்டி, "போடு" என்றார்.

போட்டேன். மூன்றாவது அடியில் தப்பியது.

"மறுபடி."

"பெரிப்பா, கொஞ்சம் மாத்திப் போடட்டா?"

"மொதல்ல ஒழுங்கா போடு."