பின்னால் நிற்பவர்

108 ஆம்புலன்ஸ் என்றாலே நமக்கு வேகம்தான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய இந்தச் சேவையில் ஓட்டுநரைப் பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர். அந்தப் பின்பகுதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்த முடியாது. அவர் எழுந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் சட்டென்று பிரேக் அடித்தால் அவர் தலை எங்கே மோதும்? முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கோ ஒவ்வொரு குலுக்கலும் ஆபத்து.

சைரன் ஒலித்தாலும் நல்ல பைலட் சிவப்பு விளக்கில் வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்த பிறகே கடப்பார். "இன்னும் வேகமாப் போங்கண்ணே" என்று கதறும் உறவினர்களின் தவிப்பு புரிகிறது. ஆனாலும் முடிவு ஸ்டீயரிங் பிடித்தவருடையதாகவே இருக்கட்டும்.

வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். எனக்கு அவர்களைவிட அதிகக் கோபம், ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே பறக்கும் பைக்குகள் மீதுதான். ஆம்புலன்ஸ் வந்தால் தயவுசெய்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். அது போனதும், பின்னால் இன்னொன்று வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு நகருங்கள்.