நாள் கணக்கும் நெஞ்சின் ஞானமும்

பிழைப்பு நாடிக் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தார் நாம் அனைவரும் கணக்கில் வல்லவர்கள். சம்பளத்துக்கு எத்தனை நாள், பொங்கல் விடுப்புக்கு எத்தனை நாள், கடன் தீர எத்தனை மாதம், ஊரில் வீடு கட்டி முடிக்க எத்தனை ஆண்டு என்று விரல் மடக்கிக்கொண்டே இருக்கிறோம். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு இப்பழக்கம் இன்னும் மிகுதி.

வேதாகமத்தில் மோசேயின் ஜெபம் என வழங்கும் 90ஆம் சங்கீதம் வேறொரு கணக்கைக் கற்பிக்கின்றது. மனித ஆயுளை எழுபது, மிஞ்சினால் எண்பது ஆண்டு என அளந்து காட்டியபின், அந்நாட்களை எண்ணத் தெரிய வேண்டும், அதனால் நெஞ்சில் ஞானம் விளைய வேண்டும் என்று கடவுளிடம் இரக்கின்றது. எண்ணுவது சிறு பிள்ளைக்கும் தெரிந்ததாயிற்றே. அதனைக் கடவுளிடம் கேட்பானேன்? வரப்போகும் நாட்களை எண்ண நாம் அறிவோம். கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும் நாளை எண்ணத்தான் அறியோம்.

மட்டாஞ்சேரிக்கு அருகில், ஃபோர்ட் கொச்சியில், செயின்ட் பிரான்சிஸ் ஆலயம் இருக்கின்றது. போர்த்துகீசியர் 1503இல் மரத்தால் எழுப்பிய ஆலயத்தின் வழிவந்தது அது. வாஸ்கோ ட காமா 1524இல் இராஜப் பிரதிநிதி என்னும் பெரும் பதவியோடு மூன்றாம் முறையாக இந்தியா வந்தார். செப்டம்பரில் கரை இறங்கியவர், டிசம்பர் 24ஆம் நாள் இவ்வூரிலேயே கண்மூடினார். ஆழ்கடலை அளந்து வந்தவர்க்கு அப்பதவியில் கிட்டியவை ஏறத்தாழ மூன்று மாதங்களே. அவருடைய எலும்புகளும் பின்னர்ப் போர்த்துகலுக்குச் சென்றுவிட்டன. அடக்கம் செய்த இடத்தின் கல்லை மட்டும் இன்றும் காணலாம்.

எனினும், சாவை நினைத்து அஞ்சுவது ஞானமாகிவிடாது. நெல்லைச் சீமையில் 1827இல் பிறந்து, வைணவ மரபில் வளர்ந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஜான் பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தேழு, 1900இல் மறைந்தார். வாழ்வை யாத்திரையாகக் கண்டவர், முதுமையிலும் அன்றன்றைய வழியை அன்றன்று நடந்தார்.

நம்மில் பலரோ கொச்சியைப் பயணியர் தங்கும் அறையாகவே கருதுகிறோம். மெய்யான வாழ்வு ஊர் திரும்பிய பிறகே தொடங்கும் என்பது நம் நினைப்பு. எம் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ‘அடுத்த தையில் ஊர் போய்விடுவேன்’ என்று இருபது ஆண்டுகள் சொல்லி, போகாமலே மறைந்தார். ஆயினும் அவர் வாழ்வு வீணாகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மருத்துவமனையில் துணையின்றிக் கிடக்கும் தமிழ்த் தொழிலாளர்க்குக் கஞ்சி கொண்டு செல்வார். மலையாளம் அறியாதவர்களின் நோவை டாக்டரிடம் எடுத்துச் சொல்வார். அவருடைய அடக்கத்துக்கு வந்து அழுதவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. ஊர் திரும்பும் நாள் அவருக்கு வாய்க்கவில்லை. இன்று என்னும் நாளை அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை.

எமக்கு இப்போது முப்பத்தாறு வயது. சங்கீதத்தின் கணக்குப்படி பாதி கடந்துவிட்டது. ஊரில் அன்னைக்கு எழுபத்திரண்டு. ஆண்டுக்கு ஒருமுறை செல்கிறோம். எண்பது வரை அவர் இருந்தாலும், அம்முகத்தைக் காணப்போவது இன்னும் எட்டே முறை! இக்கணக்கைப் போட்டதும் நெஞ்சு நடுங்கிற்று, பின்னர்த் தெளிந்தது. ஓய்வு பெறும்போது பணமாக்கிக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்த விடுப்பில் ஒரு பகுதியை, இவ்வாண்டே அன்னையோடு கழிப்பதென இல்லத்தில் கூடி முடிவு செய்தோம். ஊரில் எழும்பும் வீடு இன்னும் சில காலம் பூச்சின்றி நிற்கட்டும்.

அன்பர்களே, இம்மாதச் சம்பளக் கணக்கை எழுதும்போது, ஊரில் உங்களை எதிர்பார்த்திருப்போரின் வயதையும் அருகே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.