இரு குழந்தைகளின் முதற் பயணம்

எங்கள் மகளுக்கு மூன்று மாதம் நிறைந்ததும், பாடசாலை விடுமுறையைக் கழிக்க நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். பதுளை ரயிலின் மூன்றாம் வகுப்பிலே பெரும் நெரிசல். ஹற்றனை நெருங்குகையில் குழந்தை வீறிட்டழுதது. அத்தனை கண்களுக்கு நடுவே பாலூட்ட மனைவி கூசினாள். நான் செய்வதறியாது நின்றேன்.

ஹற்றனில் ஏறிய தோட்டத் தொழிலாளிப் பெண்ணொருத்தி, தன் கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டுச் சேலைத் தலைப்பைத் திரையாகப் பிடித்தாள்.

“சாஞ்சுக்கிட்டுக் குடுங்கம்மா. இவனுக்கும் மூணு மாசந்தான். அம்மா வீட்டுலயிருந்து கூட்டிப் போறேன். நாளைக்கு மலைக்குப் போகணும். இவன் புள்ளக் காம்பராவுல இருப்பான்.”

1939இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பாலூட்டுவதற்கு நாளொன்றுக்கு இரு இடைவேளைகள் வழங்குகிறது. ஆசிரியனல்லவா? அதை அவளுக்கு எடுத்துரைத்தேன்.

அவள் சிரித்தாள். “தெரியுங்கய்யா. மலையிலயிருந்து எறங்கி ஏறவே அந்த நேரம் பத்தாதே.”

நானுஓயாவில் எல்லோரும் இறங்கினோம். நாங்கள் இரசிக்க வந்த பசுமையினுள்ளேதான், மறுநாள் அவள் பால்கட்டிய மார்போடு கொழுந்து பறிப்பாள். விடுமுறை முழுவதும் எங்கள் மகள் பசித்தழுத போதெல்லாம், அடுத்த கணமே தாய்மடி கிடைத்தது. எனக்கோ அந்தப் பிள்ளைக் காம்பராவின் அழுகையே கேட்டது. சட்டம் ஏட்டிலிருந்து இறங்கி அம்மலைச் சரிவை ஏறுவது எந்நாளோ?