நாயின் கண்ணும் நண்பகல் வெயிலும்

நாயின் நன்றியைப் பற்றி நம்மவர் பேசாத நாள் கிடையாது. அதன் மூக்கின் மகிமையையும் போலீஸ் இலாகாவின் புண்ணியத்தில் யாவரும் அறிவார்கள். ஆனால் அந்த ஜீவனுக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் நோய் நொடி உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

நமது அடுத்த வீட்டு அல்சேஷியனுக்கு வயது ஐந்து. யமனே வந்தாலும் வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அவ்வளவு கண்டிப்பு! சென்ற கோடையில் அதன் கருவிழியின் வெளி ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு படலம் தோன்றியது. சில வாரங்களில் அது நடுவை நோக்கி ஊர்ந்தது. தினந்தோறும் வரும் பால்காரரையே இன்னாரென்று தெரியாமல் நாய் சீறத் தொடங்கியது.

மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "இதற்குப் பேனஸ் என்று பெயர்" என்றார். உடம்பின் காவல் சக்தியே கருவிழியைப் பகையென்று எண்ணித் தாக்குகிற விசித்திர வியாதி அது. அல்சேஷியன் ஜாதியில்தான் அதிகம். சூரியனுடைய புற ஊதாக் கிரணங்கள் அதைத் தூண்டிவிடுகின்றன. ஆகையால் மலைப் பிரதேசங்களில் அதன் கொடுமை மிகுதி. கவனியாமல் விட்டால் பார்வையே போய்விடும். அடியோடு தீராது; அடக்கி வைக்கலாம். ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து, உச்சி வெயிலுக்கு விலகி நிழல் வாசம் - இவையே சிகிச்சை. இப்போது படலம் பின்வாங்கியிருக்கிறது. பால்காரரும் அச்சமின்றி வருகிறார்.

சிருஷ்டியில் நாயின் கண் அந்தி வேளைக்கென்றே அமைந்தது போலும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருந்து, வந்த ஒளியை மறுபடியும் திரைக்கே திருப்பி அனுப்புகிறது. இரவில் மோட்டார் விளக்கு பட்டதும் அதன் கண்கள் நெருப்புத் துண்டங்களாக ஜொலிப்பது இதனால்தான். மேலும், புற ஊதாக் கிரணங்களில் பெரும்பாலானவற்றை மனிதனுடைய கண் வில்லை தடுத்துவிடுகிறது. நாயின் வில்லையோ கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது என்று 2014-இல் லண்டன் விஞ்ஞானிகள் இருவர் வெளியிட்டார்கள்.

மாஸ்டிப் ஜாதியில் சில நாய்களுக்கு விழித்திரையை அழிக்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. வைத்தியர்கள் கண்ணைச் சோதிக்க வழக்கமாக உபயோகிக்கும் அளவு வெளிச்சமே அத்தகைய கண்ணில் அழிவை வேகப்படுத்துகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். நல்ல கண்ணுள்ள நாய்க்கு வீட்டு விளக்கினால் பயமில்லை. ஆனால் குழந்தைகள் விளையாட்டாகப் பாய்ச்சும் லேசர் விளக்கு அப்படியல்ல. நேரே கண்ணில் விழுந்தால் விழித்திரைக்கே ஆபத்து.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நாயைக் காலையிலும் மாலையிலும் உலாவ அழைத்துச் செல்லுங்கள். நண்பகலில் மொட்டை மாடியில் கட்டிப் போடாதீர்கள். வாரம் ஒரு முறையாவது அதன் கண்ணை உற்றுப் பாருங்கள். திருடன் வந்தால் ஊரையே எழுப்பத் தெரிந்த அந்தப் பிராணிக்கு, தன் கண் மங்குகிறது என்று சொல்ல மட்டும் தெரியாது.