உறையின் பின்பக்கம்

ஞாயிறு. ஓசூரில் பழைய சாமான் கடை. பழைய கிரைண்டருக்கும் சைக்கிள் ரிம்முக்கும் நடுவே 11 ரிக்கார்டுகள். நாலு தமிழ், நாலு கன்னடம், மூணு தெலுங்கு. இந்த ஊரின் ஜனக்கணக்கை யாராவது எடுத்துக் கட்டி வைத்த மாதிரி.

"எடைக்குப் போற சரக்குதான் சார். இப்பெல்லாம் பெங்களூர் பசங்க கார்ல வந்து கேக்குறாங்க. அதான் தட்டுக்கு வெலை."

பேரம் படியவில்லை. இரண்டு மட்டும் எடுத்தேன். ஒன்று 'பங்காரத மனுஷ்யா'.

*

எனக்கு ரிக்கார்டு என்றால் மைக்செட்காரர்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் மாமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுத் தகரப்பெட்டியைத் திறப்பார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு அவர் இஷ்டம். பெண் வீட்டார் கேட்டாலும் சரி, பிள்ளை வீட்டார் கேட்டாலும் சரி, கேட்ட பாட்டு வராது. பிள்ளைகள் தட்டைத் தொட்டால் கையிலேயே ஒரு போடு. உறையைத் தொடலாம். அப்படித்தான் நான் உறை வாசிக்க ஆரம்பித்தேன். வேறு வாசிக்க அந்த வயதில் என்ன இருந்தது?

*

உறையின் பின்பக்கத்தில் படத்தின் பெயர், இசை, பாடலாசிரியர், பாடியவர்கள். அவ்வளவுதான். வயலின் யார், தபேலா யார், கிட்டார் யார், மூச்.

'பயணங்கள் முடிவதில்லை' 1982. 'இளைய நிலா'வில் குரலுக்குப் பாதி, கிட்டாருக்குப் பாதி என்று பங்கு பிரித்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதை வாசித்தவர் பெயர் சந்திரசேகர் என்று எனக்குத் தெரியவந்தபோது பாட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டே இந்தியில் 'கலாகார்' படத்துக்கு அந்த மெட்டு போய்விட்டது. சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாட்ஜ் அறையில் ஒரு பீகார்ப் பையனுக்கும் எனக்கும் இதில் ராத்திரி முழுக்கச் சண்டை. அவன் அது அவர்கள் பாட்டு என்கிறான், நான் எங்கள் பாட்டு என்கிறேன். கிட்டார் வாசித்தது யார் என்று மூன்றாவது ஆள் ஒருவன் படுத்தபடியே கேட்டான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

*

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் ரோடு சண்டே பஜார். ஸ்பேனர் செட் வாங்கப் போனவன், பழைய 'கிட்டார் பிளேயர்' ஒன்றோடு திரும்பினேன். 1967-ல் அமெரிக்காவில் தொடங்கிய பத்திரிகை. அட்டை பாதிதான் இருந்தது. அப்போது என்னிடம் கிட்டார்கூடக் கிடையாது.

பஸ் அத்திபெலே தாண்டும்வரை தலை நிமிரவில்லை. வாசிப்பவன் பெயர், முகம், கை. அவன் போடும் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறான்! டூல்ரூமில் நாங்கள் 'தௌ' என்று சொல்கிற அதே கணக்கு. ஒருவனுடைய விரலுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் வயிறெரிந்தது.

ஆறு கோடு போட்டு, கோட்டின் மேல் எண் எழுதி, எந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டை என்று காட்டும் முறைக்கு 'டேப்' என்று பெயர். ஸ்வரம் தெரிய வேண்டாம், டிராயிங் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நடுப்பக்கத்தில் ஒரு கிழிசல். எண்பதுகளில் அந்தப் பத்திரிகையோடு காகிதம் மாதிரி வளையும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டும் சேர்த்துத் தைத்து வரும். பிரித்தெடுத்து, நழுவாமல் மேலே ஒரு காசு வைத்து ஓட்ட வேண்டும். எனக்கு வாய்த்தது கிழித்த விளிம்பு மட்டும்.

*

'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற ராக் இசைப் பத்திரிகை 1993-ல் அலகாபாத்திலிருந்து வந்தது. பம்பாயும் இல்லை, பெங்களூரும் இல்லை, அலகாபாத்! அமித் சைகலும் ஷீனாவும் தொடங்கியது. அதில்தான் நம்மூர்ப் பையன்களின் பெயரைக் கிட்டாரோடு சேர்த்து அச்சில் பார்த்தேன். அமித் 2012-ல் போய்விட்டார்.

*

லேத் ஓட்டுகிறவனுக்கு ரிக்கார்டு அந்நியச் சரக்கு இல்லை. தாய்த்தட்டைக் கடைவதே ஒரு லேத்தில்தான். அதன் மேல் நிக்கல் ஏற்றி எதிர் அச்சு எடுத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிளாஸ்டிக்கைச் சூடாக வைத்து அழுத்தினால் தட்டு. கல்கத்தாவை ஒட்டிய டம் டம் ஆலையில் 1928-லிருந்து வெகுகாலம் இதுதான் வேலையாக இருந்தது.

நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் முள்ளுக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது 20 செ.மீ.தான். ஃபேஸிங் போடும் எந்த டர்னருக்கும் இந்தத் தொல்லை தெரியும். சுற்று மாறாமல் உள்ளே போகப் போக வெட்டு வேகம் குறையும், ஃபினிஷ் கெடும். தட்டிலும் அப்படியே. அதே நேரத்துக்கான ஒலியைக் குறைந்த நீளத்தில் திணிக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கித்தான் கேட்கும். ஒரு பக்கம் 22 நிமிஷம் என்றால் பள்ளத்தை நீட்டிப் போட்டால் அரைக் கிலோமீட்டர் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

*

கிட்டார் பின்னால் வாங்கினேன். கல்கத்தாவில் செய்த 'கிவ்சன்'. பெயரைச் சத்தமாகச் சொன்னால் அமெரிக்க கிப்சன் போலவே கேட்கும், அதற்குத்தான் வைத்தார்களோ என்னவோ. கம்பி கட்டைக்கு மேலே எட்டாத உயரத்தில் நின்றது, விரல் நுனி கிழிந்தது. டூல்ரூம் நண்பர் நீடில் ஃபைல் கொண்டுவந்து, கம்பி உட்காரும் வெட்டுகளை ஆழப்படுத்திக் கொடுத்தார். கடைக்காரன் கொடுத்ததைவிட நல்ல கிட்டார் ஆனது. என் வாசிப்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

*

'பங்காரத மனுஷ்யா' 1972. கன்னடர்களின் 'அண்ணாவ்ரு' ராஜ்குமார் படம், இசை ஜி.கே. வெங்கடேஷ். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முந்திய வருஷங்களில் அவரிடம் உதவியாளராக இருந்து கிட்டார் வாசித்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்துக்காரர் சென்னையில் உட்கார்ந்து கன்னடப் பாட்டுக்குக் கம்பி மீட்டிய காலம் அது. இந்தத் தட்டில் அவர் விரல் உண்டா? உறையைத் திருப்பினேன். பி.பி. ஸ்ரீனிவாஸ் இருக்கிறார், பி. சுசீலா இருக்கிறார். மூலையில் பால்பாயிண்டில் யாரோ '47' என்று எழுதியிருக்கிறார்கள். ஏதோ ஒரு மைக்செட்காரரின் பெட்டி எண்ணாக இருக்கும்.

*

ரிக்கார்டு பிளேயரின் பெல்ட் இற்றுப்போயிருந்தது. ஸ்டோரில் கிடைத்த ஓ-ரிங்கை மாட்டினேன். சுற்றுகிறது. ஆனால் தடிமன் அதிகம், அதனால் மோட்டார் புல்லி பெரிதான கணக்கு ஆகி, தட்டு வேகமாக ஓடுகிறது. பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல் பத்து வயது குறைந்து, எங்கோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிப் பாடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம அண்ணாவ்ரு பாட்டா?" என்று கேட்டுவிட்டு, வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் மெல்லிய ஓ-ரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.