நாலு இலக்கம்

அண்ணாவின் சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு ரயர் வாங்கப் போனபோது எங்களுக்குத் தெரிஞ்சது அளவு மட்டும்தான்: 195/45 ஆர்17. கண் போனது ட்ரெட்வெயார் 200 போட்டிருந்த மென்மையான ரயரில். காய்ஞ்ச ரோட்டில் நல்லாப் பிடிக்கும். ஆனால் கெதியாத் தேயும். தண்ணியை வெளியேற்றும் காடிகளும் அதில் குறைவு.

போன மார்கழி மழையில் தேய்ந்த ரயரோடு ஏ9இல் கார் வழுக்கினபோது பின்னுக்கு இருந்தது அம்மா. அதுக்குப் பிறகு அவ காரில் ஏறவேயில்லை.

300 போட்ட, ஆழமான காடிகள் உள்ளதைக் கேட்டோம். கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் நாலு இலக்கம்: 3118. அதாவது 2018இன் 31ஆம் வாரம் செய்தது. வேண்டாம் என்றோம். புதுசுக்கு எங்கட மகாபொல காசும் சேர்ந்தது.

ஞாயிறு மழை. அம்மா முன்சீட்டில ஏறி பெல்ட் போட்டா.